ஓடுது, ஓடலாம், ஓடாது

போன இதழில் என் கடையில் இருக்கும் மூன்று பிளாஸ்டிக் டப்பாக்களைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருந்தேன். ‘ஓடுது’, ‘ஓடலாம்’, ‘ஓடாது’ என்று மார்க்கரில் எழுதி ஒட்டியவை. பழைய கீபோர்டு, கேபிள், அடாப்டர் என்று எது வந்தாலும் சோதித்துப் பார்த்து மூன்றில் ஒன்றில் போடுவேன். கேட்டு வருகிறவர்களுக்கு ‘ஓடுது’ டப்பாவிலிருந்து சும்மாவே எடுத்துக் கொடுப்பேன். எழுதியது அவ்வளவுதான். அதற்கு ஒரு கட்டு கடிதம் வந்துவிட்டது. பாதிப் பேர் “எங்கள் வீட்டில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்” என்கிறார்கள். மீதிப் பேர் “இது கிடைக்குமா” என்று கேட்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவன் நான் என்பதால் இந்த இதழ் முழுக்க அதற்கே. கோவை காந்திபுரத்தில் 26 வருஷமாக கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பரணில் 3.5 அங்குல ஃப்ளாப்பி நாலு பெட்டி, உருண்டை வைத்த மவுஸ் மூன்று, டயல்-அப் மோடம் ஒன்று இருக்கின்றன. பழைய பேப்பர்க்காரர் எல்லாம் சேர்த்து 40 ரூபாய் என்கிறார். கொடுத்துவிடலாமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு)

ஃப்ளாப்பியைக் கொடுத்துவிடாதீர்கள் சார். சோனி கம்பெனி 2011 மார்ச்சிலேயே ஜப்பானில் ஃப்ளாப்பி விற்பதை நிறுத்திவிட்டது. ஆனால் அதே ஜப்பானில், அரசு அலுவலகத்துக்கு ஃப்ளாப்பியில்தான் விவரம் தர வேண்டும் என்ற விதிகளை ஒழித்துக் கட்டியது 2024இல்தான். வேண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், புதுச் சரக்குதான் இல்லை. அதனால் உங்கள் நாலு பெட்டிக்கு மதிப்பு உண்டு.

அதற்காக அப்படியே தூக்கிக் கொடுத்துவிடவும் வேண்டாம். ஒவ்வொன்றாக எடுத்து அந்த உலோகத் தகட்டை நகர்த்தி, உள்ளே தெரியும் கறுப்பு வட்டைச் சுற்றிப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகப் புள்ளியோ, பஞ்சு ஒட்டினாற்போலவோ தெரிந்தால் பூஞ்சணம். அதை டிரைவில் போட்டால் அழுக்கு, வட்டைப் படிக்கும் முனையான ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் போடுகிற நல்ல ஃப்ளாப்பியும் கீறிப் போகும். அவற்றைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். மிச்சத்தில் மூலையில் ஓட்டை எத்தனை என்று பாருங்கள். இரண்டு ஓட்டை என்றால் 1.44 எம்.பி., ஒன்றுதான் என்றால் 720 கே.பி. ஒற்றை ஓட்டைக்காரர்களைத் தனியாக ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். அவர்களுக்குத்தான் இப்போது கிராக்கி. ஏன் என்று அடுத்த பதிலில் இருக்கிறது.

மோடத்துக்கு ஆள் இல்லை. 1995 ஆகஸ்ட் 15இல் வி.எஸ்.என்.எல். இன்டர்நெட் வந்த காலத்தின் நினைவாக அலமாரியில் வைப்பதென்றால் வையுங்கள். அதன் அடாப்டர் ஓடினால் எனக்கு வேண்டும். மவுஸ்? என் டப்பாவில் ஏற்கெனவே பதினேழு உட்கார்ந்திருக்கிறது சார், மன்னித்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் எம்ப்ராய்டரி மெஷினில் டிசைன் ஏற்றுவது ஃப்ளாப்பியில்தான். மெஷின் 20 வருஷப் பழசு, ஆனால் தையல் இன்னும் கச்சிதம். ஆன்லைனில் வாங்கும் ஃப்ளாப்பியில் பத்துக்கு நாலு ரீட் ஆவதில்லை. எங்கே கிடைக்கும்?
(எம்ப்ராய்டரி யூனிட் நடத்துபவர், திருப்பூர்)

ஈரோட்டு சாரின் கடிதத்தைப் படித்தீர்களா அண்ணா? அவரிடம் கேட்டுக்கொண்டு, ஆசிரியர் குழு மூலமாக உங்கள் இருவரையும் பேச வைக்கிறோம். போய் வாங்கும்போது அவருக்கு ஒரு டி-ஷர்ட்டாவது எடுத்துப் போங்கள், ஊர்ப் பெயர் கெடக்கூடாது.

ஆனால் ஃப்ளாப்பியை மட்டும் நம்பி எத்தனை நாள்? மெஷினில் இருக்கும் டிரைவைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஃப்ளாப்பி எமுலேட்டர் பொருத்தலாம். அளவும் அதேதான். பின்னால் அதே 34 பின் ரிப்பன் கேபிள், அதே நாலு பின் பவர். முன்னால் மட்டும் ஃப்ளாப்பி வாய்க்குப் பதில் பென் டிரைவ் போடும் துளையும் இரண்டு பட்டனும் இருக்கும். ஒரு பென் டிரைவ் நூறு ஃப்ளாப்பி மாதிரி நடிக்கும். பட்டனை அழுத்தி எத்தனையாவது ஃப்ளாப்பி என்று தேர்ந்தெடுக்க வேண்டியதுதான்.

இதில் நான் ஒரு தடவை சூடுபட்டிருக்கிறேன். அவிநாசி ரோட்டில் ஒரு யூனிட்டுக்கு 1.44 மாடலை வாங்கிப் பொருத்திவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் திரையில் எர்ரர். அந்த மெஷின் 720 மட்டும்தான் படிக்கும் ரகம். வேறு எமுலேட்டர் வரவழைப்பதற்குள் இரண்டு நாள் மெஷின் நின்றது. ஆர்டரில் இருந்த பள்ளிச் சீருடை லோகோக்களை எல்லாம் கைக்காசு போட்டு வெளியே தைத்துக் கொடுத்தேன். ஆகவே முதலில், இப்போது நீங்கள் போட்டு ஓட்டும் ஃப்ளாப்பியில் எத்தனை ஓட்டை என்று பாருங்கள். மெஷின் மாடலையும் எழுதிக்கொண்டு அப்புறம் கடைக்குப் போங்கள். கழற்றிய பழைய டிரைவைத் தூக்கிப் போடாதீர்கள். அது ‘ஓடுது’ டப்பாவில் சேர வேண்டியது, எனக்கு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: பதினாறு வருஷமாக ஒரே டிவிஎஸ் கோல்டு கீபோர்டில்தான் பத்திரம் அடிக்கிறேன். புதுக் கம்ப்யூட்டரில் அதன் உருண்டைப் பின்னுக்கு இடமே இல்லை. மவுஸோடு வந்த பச்சைக் கன்வெர்ட்டரைப் போட்டும் விளக்கு எரியவில்லை. கீபோர்டு போய்விட்டதா?
(பத்திர எழுத்தர், உடுமலை)

கீபோர்டு போகவில்லை. அந்த டக் டக் சத்தக் கீபோர்டு அவ்வளவு லேசில் போகாது. சாவிக்கு அடியில் ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்விட்ச், ரப்பர் விரிப்பு கிடையாது. பிரச்சினை கன்வெர்ட்டரில்.

உங்களிடம் இருப்பது பி.எஸ்/2 பின். ஐபிஎம் 1987இல் பி.எஸ்/2 என்ற பெயரில் கம்ப்யூட்டர்கள் கொண்டுவந்தபோது பிறந்த ஆறு பின் இணைப்பு. பிற்பாடு குழப்பம் வராமல் இருக்க கீபோர்டுக்கு ஊதா, மவுஸுக்குப் பச்சை என்று நிறம் பிரித்தார்கள். நீங்கள் போட்ட பச்சைத் துண்டுக்கு உள்ளே வெறும் கம்பிதான். யுஎஸ்பி, பி.எஸ்/2 என்று இரண்டு மொழியும் பேசத் தெரிந்த மவுஸுக்கு மட்டும்தான் அது உதவும். உங்கள் கீபோர்டுக்கு ஒரு மொழிதான் தெரியும், நடுவில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். கடையில் “சிப் வைத்த பி.எஸ்/2 டூ யுஎஸ்பி” என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு முனையில் யுஎஸ்பி, மறுமுனையில் ஊதாவும் பச்சையும் ஆக இரண்டு வாயோடு ஒரு முழ ஒயர் மாதிரி இருக்கும். என்னிடம் ‘ஓடுது’ டப்பாவில் இரண்டு இருக்கின்றன. ஒன்றை உங்கள் பெயர் எழுதி எடுத்து வைத்துவிட்டேன்.

பழைய கம்ப்யூட்டரை யாருக்காவது கொடுத்தால் ஒன்று சொல்லிக் கொடுங்கள்: பி.எஸ்/2 கீபோர்டையோ மவுஸையோ ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கிச் செருகக் கூடாது. அணைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

கேள்வி: அப்பா எழுதிய குடும்ப வரலாறு ஒரு ஃப்ளாப்பியில் இருந்தது. யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவை இரவல் வாங்கித் திறந்தேன். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக என்னென்னவோ வருகிறது. கெட்டுப்போய்விட்டதா?
(இல்லத்தரசி, சேலம்)

அம்மா, கெட்டுப்போகவில்லை, பத்திரமாக இருக்கிறது. அப்பா பழைய எழுத்துரு ஒன்றில் அடித்திருக்கிறார், அவ்வளவுதான். யூனிகோடு என்ற பொது எழுத்து முறை பரவுவதற்கு முன்னால் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்திருந்தன. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் அடியில் இருக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும்.

ஒரு சின்னச் சோதனை. ‘தமிழ்’ என்ற சொல் வரவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி (jkpo;) என்று வருகிறதா பாருங்கள். வந்தால் அது பாமினி எழுத்துரு. எழுத்துரு மாற்றி மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ‘பாமினியிலிருந்து யூனிகோடு’ என்று தேர்ந்தெடுத்து ஒட்டினால் அப்பாவின் எழுத்து அப்படியே எழுந்து நிற்கும். வேறு எழுத்துரு என்றால் ஒரு பத்தியைக் காகிதத்தில் அச்செடுத்து அனுப்புங்கள், எதுவென்று பார்த்துச் சொல்கிறேன். அதற்கு முன்னால், ஃப்ளாப்பியில் இருப்பதை முழுக்கக் கம்ப்யூட்டருக்குக் காப்பி எடுத்துவிடுங்கள். ஒரு தடவை படித்த ஃப்ளாப்பி மறு தடவை படிக்கும் என்று நான் எழுதித் தரமாட்டேன். இரவல் வாங்கிய டிரைவைத் திருப்பிக் கொடுக்கும் முன், தெருவில் வேறு யாரிடமாவது இதுபோல ஃப்ளாப்பி இருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். டிரைவ் கையில் கிடைப்பது அபூர்வம்.

கேள்வி: 2008இல் வாங்கிய டெஸ்க்டாப்பை ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு நன்கொடையாகக் கொடுக்க நினைக்கிறேன். சில சமயம் தானாக நின்றுவிடும், மற்றபடி நல்ல நிலை. எப்படிக் கொடுப்பது?
(ஐ.டி. ஊழியர், பீளமேடு)

“சில சமயம் தானாக நின்றுவிடும், மற்றபடி நல்ல நிலை.” இந்த வரியை நீங்களே இன்னொரு தடவை படியுங்கள் தம்பி.

கோபித்துக்கொள்ள வேண்டாம், இதே தப்பை நான் செய்திருக்கிறேன். 2009இல் வாடிக்கையாளர்கள் விட்டுப்போன ஆறு கம்ப்யூட்டர்களைத் தேற்றி, மலைப்பக்கம் ஒரு மாணவர் விடுதிக்கு வேன் வைத்துக் கொண்டுபோய் இறக்கினேன். போட்டோ எல்லாம் எடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்து அந்த வழியாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். ஆறும் மாடிப்படிக்குக் கீழே, மேலே அரிசி மூட்டை. இரண்டில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து, போடும்போதெல்லாம் தேதி கேட்டு நின்றிருக்கிறது. 2032 என்று எண் போட்ட அந்த வட்டப் பேட்டரி டவுனில் எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும். அங்கே அது யாருக்கும் தெரியவில்லை. ஒன்றுக்கு மானிட்டர் கேபிளே நான் வைக்கவில்லை. காப்பாளர் பாவம், “நல்லா ஓடுதுங்க” என்றார். நன்கொடை என்று வாசலில் வந்து நிற்பவனிடம் வேண்டாம் என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? நான் என் குப்பையை வண்டி வைத்துக் கொண்டுபோய் அவர் வீட்டில் கொட்டியிருக்கிறேன்.

அதனால் முதலில் போன் செய்து என்ன தேவை என்று கேளுங்கள். “இதை எடுத்துக்கொள்வீர்களா” என்று கேட்காதீர்கள், சரி என்றுதான் சொல்வார்கள். அவர்களிடம் ஏற்கெனவே நாலு கம்ப்யூட்டர் இருந்து, இரண்டு கீபோர்டும் ஸ்பீக்கரும்தான் வேண்டியிருக்கலாம். அப்படியானால் உங்கள் கீபோர்டும் ஸ்பீக்கரும் தான் சரியான நன்கொடை.

கம்ப்யூட்டரே வேண்டும் என்றால், தானாக நிற்பதைச் சரிசெய்யுங்கள். பாதி நேரம் புராசஸர் மேல் இருக்கும் பேஸ்ட் காய்ந்திருக்கும், ஃபேனில் தூசி அடைத்திருக்கும், இல்லையென்றால் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி. அந்த வயசுக் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் டிடிஆர்2 என்ற பழைய தலைமுறை ராம்தான் இருக்கும். நினைவில் வையுங்கள், டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்குமே 240 பின்தான். ஆனால் நடுவிலிருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும். “அழுத்தினால் போகும்” என்று அழுத்தி உடைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் டப்பாவில் டிடிஆர்2 இருக்கிறது, கொண்டு வந்தால் போட்டுத் தருகிறேன். பழைய விண்டோஸை எடுத்துவிட்டு எடை குறைந்த லினக்ஸ் போடுங்கள். விண்டோஸ் 10க்கே 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவு முடிந்துவிட்டது.

அப்புறம் ஹார்ட்டிஸ்க். குயிக் ஃபார்மேட் என்பது புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பது. பக்கங்கள் உள்ளேயே இருக்கும். அந்த ஆறில் ஒன்றில் முந்தைய உரிமையாளரின் நகைக்கடன் ரசீதும் கல்யாண ஆல்பமும் அப்படியே இருந்தது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஹார்ட்டிஸ்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி, ‘குயிக்’ டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுங்கள். விஸ்டாவுக்குப் பிறகு வந்த விண்டோஸில் அது முழுத் தட்டிலும் பூஜ்யம் எழுதிவிடும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

கொடுக்கும்போது பவர் கார்டு, மானிட்டர் கேபிள், மவுஸ் எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கட்டும். பெட்டிமேல் ஒரு காகிதத்தில், கடைசியாக எந்தத் தேதியில் ஓட்டிப் பார்த்தீர்கள் என்று எழுதி ஒட்டுங்கள்.

கேள்வி: ஃபைபர் இணைப்பு வந்துவிட்டது. நாலு லேன் போர்ட்டும் வைஃபையும் உள்ள பழைய பிராட்பேண்ட் மோடத்தால் ஏதாவது பயன் உண்டா?
(ஒரு வாசகர், பொள்ளாச்சி)

உண்டு. பின் அறையில் வைஃபை எட்டவில்லை என்றால் அங்கே வையுங்கள். அதன் செட்டிங்கில் போய் டிஹெச்சிபியை (கருவிகளுக்குத் தானாக ஐ.பி. முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, ஐ.பி. முகவரியைப் புது ரவுட்டரோடு மோதாதபடி மாற்றி, புது ரவுட்டரின் லேன் போர்ட்டிலிருந்து இதன் லேன் போர்ட்டுக்கு ஒரு ஒயர் இழுத்தால் முடிந்தது. போன் ஒயர் செருகும் துளையைத் தொடவே வேண்டாம். உங்கள் வீட்டில் தேவையில்லை என்றால் பாஸ்வேர்டை எல்லாம் ரீசெட் செய்துவிட்டு, அடாப்டரோடு சேர்த்துக் கட்டிக் கொடுங்கள். அடாப்டர் இல்லாத மோடம் என் ‘ஓடலாம்’ டப்பாவில் இப்போதே ஏழு கிடக்கிறது.

கேள்வி: என் தங்கைக்குப் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப் நன்றாக ஓடுகிறது, சார்ஜர்தான் போய்விட்டது. வீட்டில் வேறு கம்பெனி சார்ஜர் இருக்கிறது. போடலாமா?
(கல்லூரி மாணவர், தாராபுரம்)

இரண்டு சார்ஜரின் முதுகிலும் இருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதேயளவோ அதிகமாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. நடுப்பின் பிளஸ்ஸா மைனஸா என்று வட்டம் போட்ட சின்னப் படம் இருக்கும், அதுவும் ஒத்துப்போக வேண்டும். மூன்றும் சரி, பின்னும் தளர்வில்லாமல் உட்கார்கிறது என்றால் போடலாம். ஒன்று இடித்தாலும் வேண்டாம். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடவே போடாதீர்கள்; கழற்றித் தனியாக வையுங்கள், குப்பைத் தொட்டியில் எறியக் கூடாது.

கேள்வி: எங்கள் கல்லூரி லேபில் நாற்பது பழைய டப்பா மானிட்டர்கள் (படக்குழாய் வைத்த ரகம்). காயலான் கடைக்காரர் நல்ல விலை சொல்கிறார். தயக்கமாக இருக்கிறது.
(பாலிடெக்னிக் ஊழியர்)

தயக்கம் சரிதான். கடைக்காரருக்கு வேண்டியது படக்குழாயின் கழுத்தில் சுற்றியிருக்கும் செம்புச் சுருளும் உள்ளே இருக்கும் போர்டும்தான். கண்ணாடியை உடைத்து எங்காவது கொட்டிவிடுவார்கள். அந்தக் கண்ணாடியின் பின்பகுதியில் ஈயம் இருக்கிறது. ஒயரை எரித்துச் செம்பு எடுக்கும் புகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவரையும் நான் குறை சொல்லவில்லை, அவருக்கு அதுதான் பிழைப்பு.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி, ஓர் ஆண்டில் குறைந்தது 1000 கருவிகளைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் பதிவுபெற்றவர்களிடம்தான் கழிவைக் கொடுக்க வேண்டும். உங்கள் கல்லூரி அந்தக் கணக்கில் வராமல் இருக்கலாம். வராவிட்டாலும் அதையே செய்யச் சொல்வேன். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரா என்று கேளுங்கள், பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், எடுத்துப் போனதற்கு ரசீது வாங்குங்கள். காசு குறைவாகத்தான் வரும். நாற்பதில் நல்லதாக இரண்டு இருந்தால் எடுத்து வையுங்கள். பழைய வீடியோ கேம் பைத்தியங்கள் டப்பா மானிட்டரில்தான் ஆடுவேன் என்கிறார்கள், போன மாதம்கூட ஒருவர் கேட்டு வந்தார். ஈரோட்டு சாரின் மவுஸ்களையும் கூடவே அனுப்பிவிடலாம்.

கேள்வி: என் லேத் ஒர்க்ஸில் உள்ள, கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகம் கடையும் சிஎன்சி மெஷினுக்கு சீரியல் கேபிள் வழியாகத்தான் புரோகிராம் அனுப்ப வேண்டும். புது லேப்டாப்பில் யுஎஸ்பி டூ சீரியல் போட்டால் நடுவில் நின்றுவிடுகிறது.
(பட்டறை வைத்திருப்பவர், கணபதி)

நீங்கள் அனுப்பும் சாஃப்ட்வேர் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துப் பழசு என்றால் கன்வெர்ட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த சாஃப்ட்வேர் நேரே போர்ட்டின் முகவரியில் போய்க் கதவைத் தட்டும். யுஎஸ்பி கன்வெர்ட்டருக்கு அந்த முகவரியே கிடையாது. புது சாஃப்ட்வேர் என்றால் இரண்டு பக்கமும் வேகம், பாரிட்டி, ஹேண்ட்ஷேக் என்ற செட்டிங்குகள் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள், கேபிளையும் 15 மீட்டருக்குள் வையுங்கள். இதற்கெல்லாம் மேல் ஒரு வழி: ஒன்பது பின் சீரியல் போர்ட் உள்ள பழைய லேப்டாப் ஒன்றைத் தேடிப் பிடித்து, மெஷின் பக்கத்திலேயே நிரந்தரமாக வைத்துவிடுவது. 100 அடி ரோட்டுக் கடைகளில் விற்பனைக் கவுண்டரில் கேட்காதீர்கள், இல்லை என்பார்கள். சர்வீஸ் பெஞ்சில் இருக்கும் பையனிடம், மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் கேளுங்கள். சென்னைக்குப் போகிறவர் இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் இதே முறைதான். போர்ட்டைப் போட்டோ எடுத்து, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் அளவு பேசும்.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு. கம்ப்யூட்டரைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை. வீட்டில் இருப்பதைத் தொட்டால் அம்மா அடிப்பார்கள். ஓடாத ஒன்று கிடைக்குமா?
(மாணவி, சூலூர்)

‘ஓடாது’ டப்பாவைக் கேட்டு வந்த முதல் ஆள் நீதான் கண்ணு. ஒரு பழைய சிபியு முழுசாக எடுத்து வைத்திருக்கிறேன். நாற்பது கம்பி, எண்பது கம்பி என்று இரண்டு ரக ஹார்ட்டிஸ்க் கேபிளும் போட்டிருக்கிறேன், எண்ணிப் பார். ராமைக் கழற்றலாம், ஃபேனைக் கழற்றலாம், ஹார்ட்டிஸ்க்கைத் திறந்து உள்ளே இருக்கும் தட்டைக் கண்ணாடியாக வைத்துத் தலைகூட வாரலாம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் கரண்ட் தேங்கி நிற்கும். அதை நான் முன்பே எடுத்துவிட்டேன், இருந்தாலும் வேறெங்கும் பார்த்தால் நினைவில் வை. டப்பா மானிட்டருக்கும் இதேதான்.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வா. ஸ்க்ரூடிரைவர் மட்டும் உன் வீட்டிலிருந்து கொண்டு வந்துவிடு. நான் இரவல் கொடுத்ததில் நாலு இன்னும் திரும்பி வரவில்லை.